மூப்பின் பற்றுவரவு

மனிதனுக்கு வயது ஏறுமே தவிர இறங்காது. மக்கள்தொகைக்கு அந்த விதி கிடையாது. பிறப்பு கூடினால் ஒரு நாடு இளமையாகும், குறைந்தால் மூப்படையும். ஒரு நாட்டில் உள்ள எல்லோரையும் வயது வரிசையில் நிறுத்தி, நட்டநடுவில் நிற்பவரின் வயதைக் கேட்டால் அந்த நாட்டின் வயது தெரிந்துவிடும். ஜப்பானில் அப்படி நடுவில் நிற்பவர் ஐம்பதை நெருங்கியவர். இந்தியாவில் முப்பதைக்கூடத் தொடாதவர். ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டிலோ பள்ளிக்கூடம் போகும் வயதுப் பிள்ளை.

மருந்தும் மருத்துவமனையும் பெருகி, மக்கள் நெடுநாள் வாழ்வதால்தான் நாடுகள் நரைக்கின்றன என்பது பொதுவான நினைப்பு. அது பாதிதான் சரி. சாவு குறையத் தொடங்கும்போது முதலில் பிழைப்பது கிழவர்கள் அல்ல, கைக்குழந்தைகள். அம்மையிலும் பேதியிலும் போயிருக்க வேண்டிய பிள்ளைகள் பிழைத்துக்கொள்வதால் நாடு முதலில் இளமையாகவே ஆகிறது. மூப்பைக் கொண்டுவருவது பெரும்பாலும் பிறப்பு விகிதத்தின் சரிவு என்பதை அமெரிக்க மக்கள்தொகையியலாளர் ஆன்ஸ்லி கோல் 1950களில் கணக்குப் போட்டுக் காட்டினார். பிறப்பு வெகுவாகக் குறைந்து முடிந்த பிறகுதான், முதியவர்களின் ஆயுள் நீள்வது மூப்பைக் கூட்டும் பெரிய காரணமாகிறது.

இந்தியாவில் 1941–51 காலத்தில் பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு 32 ஆண்டு. அன்றைய மக்கள் முப்பத்திரண்டு வயதில் செத்துப்போனார்கள் என்று இதற்குப் பொருளில்லை. பிறந்த சில மாதங்களில் இறந்த பிள்ளைகளும் எழுபது வயதுத் தாத்தாக்களும் ஒரே சராசரிக்குள் அடைபட்டதால் வந்த எண் அது. அக்காலத்திலும் நாற்பதைத் தாண்டியவர் பேரன் பேத்தி எடுத்தார். அப்படித் தாண்டியவர்களின் தொகைதான் குறைவு.

எட்டயபுரத்துப் பந்தி

தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் வட்டத்தில் உள்ள நாகலாபுரம், கரிசல் பூமியின் நடுவே இருக்கும் ஊர். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி விதைக்கும் மானாவாரி நிலம். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசி, மல்லி, மிளகாய். மழை பொய்த்த வருஷங்களில் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றதும் இந்தப் பகுதியின் பிழைப்பு. உலக மூப்பைப் பேசும் ஓர் அத்தியாயம் இந்த ஊர்ப்பக்கம் வருவதற்குக் காரணம் உண்டு. மூப்படையும் நாடுகளின் கதையில் வருகிற எல்லாத் திருப்பமும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு மனித ஆயுளுக்குள் நடந்து முடிந்திருக்கிறது.

அருகிலுள்ள எட்டயபுரத்தில்தான் 1956இல் முதலமைச்சர் காமராசர் பள்ளி மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதலில் ஊரார் கொடுத்த அரிசியும் காய்கறியும் காசுமாக ஓடிய திட்டம் அது. 1961 முதல் அமெரிக்காவின் கேர் என்ற உதவி நிறுவனம் அதில் கைகோத்தது. பால் பவுடரும் எண்ணெயும் தானியமும் கப்பலில் வந்தன. அமெரிக்க விவசாயியின் மிச்சம் கரிசல் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் தட்டில் விழுந்தது. பணக்கார நாடு ஏழை நாட்டுக்கு உதவ வேண்டுமா என்ற கேள்வி இந்த மண்ணுக்குப் புதியதல்ல.

உதவக் கூடாது என்று சொன்னவர்களும் சாதாரணப்பட்டவர்கள் அல்லர். வில்லியம் பேடக், பால் பேடக் என்ற சகோதரர்கள் 1967இல் எழுதிய நூலில், போர்க்கள மருத்துவர் காயம்பட்டவர்களைத் தரம் பிரிப்பதுபோல நாடுகளைப் பிரித்து, இந்தியாவைக் காப்பாற்ற முடியாத பட்டியலில் சேர்த்தார்கள். மறு ஆண்டு பால் எர்லிக் மக்கள்தொகையை வெடிகுண்டு என்றார். 1974இல் கேரட் ஹார்டின், பணக்கார நாடுகளை இடம் நெருக்கமான உயிர்காப்புப் படகுகளுக்கு ஒப்பிட்டார். நீரில் தத்தளிப்பவர்களை ஏற்றினால் படகே கவிழும் என்பது அவர் கட்சி. சோறு போட்டால் பிள்ளைகள் பிழைப்பார்கள், பிழைத்தவர்கள் மேலும் பெறுவார்கள், பஞ்சம் பெரிதாகும் என்பது இந்த வாதங்களுக்கு அடியில் இருந்த கணக்கு. கிழக்கு வங்காள அகதிகளின் துயரத்தை முன்வைத்து 1972இல் கட்டுரை எழுதிய தத்துவ ஆசிரியர் பீட்டர் சிங்கர் இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நின்றார். தூரம் என்பது கடமையைக் குறைக்காது என்றார்.

வாதத்தைத் தத்துவம் தீர்க்கவில்லை, பிறப்புப் பதிவேடு தீர்த்தது. 1956இல் எட்டயபுரத்துப் பந்தியில் உட்கார்ந்த பிள்ளைகள் ஏறத்தாழ 1946க்கும் 1951க்கும் இடையில் பிறந்தவர்கள். அவர்களைப் பெற்றவர்கள் ஐந்து, ஆறு என்று பெற்ற தலைமுறை. ஆனால் சாப்பிட்டு வளர்ந்த அந்தப் பிள்ளைகளும் அவர்களுக்குப் பின்னே வந்தவர்களும் குறைவாகவே பெற்றார்கள். 1970களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய 4 பிள்ளைகள் என்றிருந்த தமிழ்நாட்டின் கருவள விகிதம், 2000ஐ ஒட்டி 2.1 ஆனது. தாய் தந்தை இருவருக்கு ஈடாக இரண்டு பிள்ளைகள் என்ற இந்த நிலையைத்தான் ஈடுகட்டும் அளவு என்கிறார்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் அது 1.8. ஹார்டினின் கணக்கில் விட்டுப்போனது ஒன்றுதான்: பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்த தாய் ‘ஒன்று போனாலும் ஒன்று நிற்கட்டும்’ என்று பெறுவதில்லை.

இதை உணவு உதவி மட்டுமே செய்தது என்று சொல்வதும் தப்பு. பெண்கள் பள்ளிக்கூடம் போனது, கல்யாண வயது தள்ளிப்போனது, தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்கள், சுயமரியாதை இயக்கக் காலத்திலிருந்தே ஊர் ஊராகப் பேசப்பட்ட கருத்தடைச் சிந்தனை, ஊருக்கு ஊர் ஓடிய பேருந்து என்று பலதும் சேர்ந்து நடந்த மாற்றம் அது. உதவி அதில் ஒரு பங்கு. ஆனால் உதவினால் நாடு மூழ்கும் என்று சொன்னவர்களுக்கு இந்தத் தலைமுறையின் வாழ்க்கையே மறுப்பு. அன்று பந்தியில் இருந்தவர்களில் உயிரோடு இருப்பவர்களுக்கு இப்போது எழுபத்தைந்துக்கு மேல் வயது. மக்கள்தொகை வெடிக்கும் என்று பயந்த இடத்தில் இன்று இருக்கும் கவலை அவர்களை யார் பார்த்துக்கொள்வது என்பது.

நூறு வருஷமும் இருபது வருஷமும்

மூப்பு எல்லா நாட்டுக்கும் வருகிறது; ஒரே வேகத்தில் வருவதில்லை. 65 வயதைக் கடந்தவர்கள் மக்கள்தொகையில் 7 விழுக்காட்டிலிருந்து 14 விழுக்காட்டுக்கு உயர எத்தனை ஆண்டு பிடித்தது என்பதை வைத்து வேகத்தை அளப்பது வழக்கம். பிரான்சுக்கு 115 ஆண்டு பிடித்தது. சுவீடனுக்கு 85. ஜப்பானுக்கு சுமார் 25. தென் கொரியா 2000இல் 7ஐத் தொட்டு 2018இல் 14ஐத் தாண்டிவிட்டது.

இந்த இடைவெளிதான் பணக்கார நாடுகளுக்குக் கிடைத்த பெரிய சொத்து. ஜெர்மனியில் பிஸ்மார்க் அரசு 1889இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் கொண்டுவந்தபோது அதற்குத் தகுதி 70 வயது. அந்த வயதை எட்டியவர்கள் கொஞ்சம் பேரே. பிரிட்டன் 1909 முதல் வாரம் 5 ஷில்லிங் கொடுக்கத் தொடங்கியபோதும் வயது வரம்பு 70தான். ஆள் குறைவாக இருந்த காலத்தில் பெட்டியைத் திறந்து, நூறு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பினார்கள். அந்த நூறு வருஷத்தில் காலனிகளின் வருமானமும் இருந்தது. சொந்த ஊரில் வேலை கிடைக்காத கோடிக்கணக்கான ஐரோப்பிய இளைஞர்கள் கப்பலேறி அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடிபோக வழியும் இருந்தது. இன்று மூப்படையும் நாடுகளுக்கு இவற்றில் எதுவும் இல்லை.

இந்தியாவை ஒரே நாடாகப் பார்த்தால் மூப்பு தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றும். 2011 கணக்கெடுப்பில் 60 வயதைத் தாண்டியவர்கள் 8.6 விழுக்காடு. ஆனால் அந்த நாட்டுக்குள் இரண்டு மூன்று நாடுகள் இருக்கின்றன. அரசின் மக்கள்தொகைக் கணிப்புக் குழு 2021ஆம் ஆண்டுக்கு மதிப்பிட்ட முதியோர் பங்கு கேரளத்தில் 16.5, தமிழ்நாட்டில் 13.6, உத்தரப் பிரதேசத்தில் 8.1, பிகாரில் 7.7. 2031இல் தமிழ்நாட்டின் பங்கு 18.2 ஆகும் என்பது அதே குழுவின் கணிப்பு. தமிழ்நாட்டின் மூப்பு கொரியாவின் வேகத்தை நெருங்கி ஓடுகிறது. வருமானம் கொரியாவுக்கு வெகு கீழே நிற்கிறது. பணம் சேர்வதற்கு முன் நரை சேர்ந்துவிடும் நிலை என்று பொருளியலாளர்கள் சொல்வது இதைத்தான்.

இலங்கை இதற்கு இன்னும் கூர்மையான உதாரணம். இலவசக் கல்வியும் இலவச மருத்துவமும் அந்தத் தீவில் பிறப்பை வெகு முன்னதாகவே குறைத்தன. 2012 கணக்கெடுப்பிலேயே 60 தாண்டியவர்கள் 12.4 விழுக்காடு. அத்தகைய நாடு 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்றபோது, மருந்துக்கடைகளில் இரத்த அழுத்த மாத்திரைகூடத் தட்டுப்பாடானது. இளைய நாட்டுக்கு வரும் பொருளாதார நெருக்கடியும் முதிய நாட்டுக்கு வரும் நெருக்கடியும் ஒன்றல்ல.

ஊர் வளர்த்த பிள்ளை

சராசரிகள் கிராமத்தை மறைத்துவிடும். 2011 கணக்கெடுப்பின்படி இந்திய முதியவர்களில் 71 விழுக்காட்டினர் கிராமங்களில் இருந்தார்கள். காரணம் எளியது: வேலை தேடிப் போகிறவர்கள் இளைஞர்கள். திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் கோயம்புத்தூர் மில்லுக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் பஸ் ஏறியவர்கள் ஊரின் சராசரி வயதை ஏற்றிவிட்டுத்தான் போகிறார்கள். பிறப்பு ஒன்றுகூடக் குறையாவிட்டாலும் ஊர் மூப்படைந்துவிடும்.

இதன் விளைவு வீட்டுக்குள் மட்டும் நிற்பதில்லை, காட்டிலும் தெரிகிறது. பருத்தி எடுக்கப் பல நடை வேண்டும், ஒவ்வொரு நடைக்கும் குனிந்து நிமிரும் கைகள் பல வேண்டும். மக்காச்சோளத்துக்கு அவ்வளவு ஆள் வேண்டாம், அறுக்க இயந்திரம் வரும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் மக்காச்சோளம் பரவியதற்கு விலை ஒரு காரணம் என்றால், ஆள் இல்லாதது இன்னொன்று. 2018இல் அமெரிக்கன் படைப்புழு வந்து அந்தப் பயிரை மேய்ந்தபோது, வயதானவர்களே பார்த்துக்கொண்டிருந்த காடுகள் பல அடிபட்டன. விதைக்க ஆளில்லாமல் போட்ட நிலத்தில் சீமைக்கருவேலம் ஏறிவிடும். அதை அழித்து மறுபடி உழ ஒரு முதியவரால் ஆகாது.

ஒரு பிள்ளையின் வாழ்நாளை வரவு செலவாக எழுதிப் பார்த்தால் மூப்பின் கணக்கு துலங்கும். பிறந்ததிலிருந்து இருபது வயது வரை சோறு, துணி, பள்ளிக்கூடம், வைத்தியம் எல்லாம் ஊரின் செலவு. இருபதிலிருந்து ஐம்பத்தைந்து வரை அந்த உடம்பின் உழைப்பு நகரத்துக்கு வரவு. கண் மங்கி, முட்டி தேய்ந்தபின் ஆள் திரும்பி வருவது பெரும்பாலும் ஊருக்கு. அந்தச் செலவும் ஊருடையது. நடுவில் அனுப்பிய பணம் ஊருக்கு வரவு என்பது உண்மை. ஒரு காலத்தில் மணியார்டராக வந்தது, இப்போது கைபேசியில் வந்து விழுகிறது. ஆனால் அது வீட்டுக்கு வீடு வரும் பணம். பிள்ளை அனுப்பாத வீட்டுக்கும், பிள்ளையே இல்லாத வீட்டுக்கும் அதில் பங்கில்லை. ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் பங்கில்லை. ஊருக்கும் நகரத்துக்கும் நடுவில் உள்ள இந்தக் கணக்கை அப்படியே பெரிதாக்கினால் மாநிலங்களின் கணக்காகும். இன்னும் பெரிதாக்கினால் நாடுகளின் கணக்காகும்.

ஊரில் தங்கியவர்களுக்கு இப்போது இருக்கும் ஆதாரம் ஓஏபி பணம். மதராஸ் அரசு 1962இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கிய முதியோர் உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அதில் ஒன்றிய அரசின் பங்கு, 60 முதல் 79 வயது வரை 200 ரூபாய், 80க்கு மேல் 500 ரூபாய். அந்த 200 ரூபாய் 2006இல் நிர்ணயித்தது. இத்தனை ஆண்டு விலைவாசி ஏற்றத்தில் அது அசையவே இல்லை. பெற்றோரைப் பராமரிக்கப் பிள்ளைகளைச் சட்டப்படி கட்டாயப்படுத்தலாம் என்று 2007இல் ஒரு சட்டமும் வந்தது. கொடுக்க மனமில்லாத பிள்ளைக்கு அது பொருந்தும். கொடுக்க வழியில்லாத பிள்ளையிடம் எந்தச் சட்டத்தாலும் வாங்க முடியாது. பெண்களின் நிலை இன்னும் நெருக்கடி. கணவரைவிட வயதில் சிறியவர்கள், ஆயுளும் நீளம்; ஆகவே கடைசிப் பல வருஷங்களைத் தனியே கழிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். நூறு நாள் வேலையில் மண்வெட்டி பிடித்த வயதான பெண்களைச் சோம்பல் என்று கேலி பேசியவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

வடமலாபுரத்து மருத்துவரும் ஒரு சின்ன வில்லையும்

உதவி எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு இந்தக் கரிசலிலிருந்தே ஒரு பதில் கிடைக்கிறது. நாகலாபுரத்துக்குத் தொலைவில்லாத அயன் வடமலாபுரத்தில் 1918இல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் கோவிந்தப்ப வெங்கடசாமி. மருத்துவம் படித்து முடித்த சில ஆண்டுகளிலேயே முடக்குவாதம் தாக்கி அவர் விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகிக் கண் மருத்துவரானார். அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அரசு ஒருவரை வேலைக்கு ஆகாத வயது என்று வீட்டுக்கு அனுப்பிய நாளில்தான் அவருடைய பெரிய வேலை ஆரம்பமாயிற்று என்பது, ஓய்வு வயது பற்றிய விவாதங்களில் நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

அவர் எடுத்துக்கொண்ட கண்புரை மூப்பின் நோய். தோலும் முடியும் உதிர்ந்து புதிதாக வளரும். கண்ணின் வில்லைக்கு அந்த வசதி இல்லை. வில்லையின் நடுவில் உள்ள புரதங்கள் தாயின் வயிற்றில் உருவானவையே கடைசி வரை இருக்கும். வருஷக்கணக்கான வெயிலும் சர்க்கரை நோயும் அந்தப் புரதங்களைத் திரியச் செய்ய, வெள்ளைக்கரு வெந்தாற்போல வில்லை வெளுத்துவிடும். நிழலில்லாத கரிசல் காட்டில் வாழ்நாள் முழுதும் நின்றவர்களுக்கு அது சீக்கிரமே வரும்.

முன்பெல்லாம் புரை விழுந்த வில்லையை எடுத்துவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்புவார்கள். கண்ணாடி உடைந்தால் பார்வை போச்சு. கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லை வைக்கும் முறையை லண்டனில் ஹெரால்டு ரிட்லி 1949இல் செய்துகாட்டினார். போரில் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்த ஒருவகை பிளாஸ்டிக் சில்லுகளைக் கண் ஏற்றுக்கொண்டதைக் கவனித்ததில் பிறந்த யோசனை அது. ஆனால் 1980களிலும் அந்த வில்லை ஒன்றின் விலை நூறு டாலர் அளவில் இருந்தது. பணக்கார நாட்டு முதியவருக்குப் பார்வை, ஏழை நாட்டு முதியவருக்கு சோடாபுட்டி.

அமெரிக்காவின் சேவா அறக்கட்டளை முதலில் செய்தது, நன்கொடையாக வில்லைகள் வரவழைத்துக் கொடுப்பது. அது எத்தனை நாளைக்கு? நன்கொடை நின்றால் பார்வையும் நின்றுவிடும். ஆகவே அடுத்த கட்டமாக, வில்லை செய்யும் தொழில்நுட்பத்தையே மதுரைக்குக் கொண்டுவர அவர்கள் கைகொடுத்தார்கள். 1992இல் அரோலேப் ஆலை பிறந்தது. வில்லையின் விலை பத்து டாலருக்குக் கீழே இறங்கியது. 1994 முதல் உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் கண்புரை ஒழிப்புத் திட்டம் நடந்தபோது, நாட்டிலேயே மலிவான வில்லை தயாராக இருந்தது. பின்னர் மதுரை வில்லைகள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போயின. மற்ற நாட்டு மருத்துவமனைகள் மதுரைக்கு ஆளனுப்பிக் கற்றுக்கொண்டன.

கேர் நிறுவனத்தின் பால் பவுடரையும் அரோலேபின் வில்லையையும் பக்கத்தில் வைத்தால் உதவியின் இரண்டு வகைகள் தெரியும். முன்னது பசித்த நேரத்தில் வந்தது. அதற்கு மாற்று இல்லை. ஆனால் கப்பல் நின்ற அன்று அது தீர்ந்தது. பின்னது வந்த இடத்தில் வேர் பிடித்து, மற்ற நாடுகள் பக்கமும் கிளை விட்டது. மூப்புக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் இரண்டாம் வகை. குழந்தையின் பசி சில வருஷத்துத் தேவை. முதுமையோ ஒரு நாட்டுக்கு வந்தால் எளிதில் திரும்பிப் போகாத விருந்தாளி.

ஆனால் உலக உதவிகள் இன்னும் குழந்தைகளின் காலத்துப் பழக்கத்திலேயே நடக்கின்றன. முதியோருக்கான உலக மாநாடுகள் 1982இல் வியன்னாவிலும் 2002இல் மாட்ரிட்டிலும் கூடித் தீர்மானங்கள் போட்டன. நடுவில், 2000இல் வந்த ஐ.நா.வின் எட்டு புத்தாயிரம் இலக்குகளில் தாய் உண்டு, சேய் உண்டு. முதியவர் ஒரு வரியிலும் இல்லை. 2050இல் உலக முதியவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் இருப்பார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பணக்கார நாடுகள் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை உதவியாகக் கொடுக்க வேண்டும் என்று 1970இல் ஐ.நா. பொதுச்சபை வைத்த குறியை 2023இல் எட்டியவை ஐந்து நாடுகள். மொத்தச் சராசரி 0.37. அமெரிக்க அரசின் யுஎஸ்எய்டு அமைப்பே 2025இல் மூடப்பட்டது.

தமிழ்நாட்டின் நல்ல முயற்சிகளில் ஒன்று உள்ளூர்ச் செலவிலேயே நடக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீட்டுத் திண்ணைக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போக முடியாததால் மாத்திரையை நிறுத்தி, பக்கவாதத்தில் விழுந்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. பெரிய இயந்திரம் எதுவும் இல்லாமல் அந்த இடைவெளியை அடைக்கப் பார்க்கிற திட்டம் இது.

முதிய மாநிலமும் இளைய மாநிலமும்

வசதியுள்ளவர் மற்றவருக்கு உதவ வேண்டுமா என்ற கேள்வி இந்தியாவுக்குள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எண்களாக எழுதப்படுகிறது. எழுதுவது நிதிக்குழு. ஒன்றிய வரியில் மாநிலங்களின் பங்கைப் பிரிக்க 15ஆவது நிதிக்குழு வைத்த அளவுகோல்களில் வருமான இடைவெளிக்கு 45 விழுக்காடு எடை: ஏழை மாநிலத்துக்குக் கூடுதல். 2011 மக்கள்தொகைக்கு 15. பிறப்பைக் குறைத்ததற்குப் பாராட்டாக 12.5. முடிவில் பிகாருக்கு 10.058 விழுக்காடு, தமிழ்நாட்டுக்கு 4.079. பத்தாவது நிதிக்குழு காலத்தில் தமிழ்நாட்டின் பங்கு 6.637 ஆக இருந்தது.

பிள்ளையைக் குறைத்ததற்குத் தண்டனையா என்று தெற்கு கேட்கிறது. கேள்வியில் நியாயம் உண்டு. முதியோரின் எண்ணிக்கைக்கு அந்த அளவுகோல்களில் இடமே இருக்கவில்லை. ஆனால் ஓய்வூதியமும் மருத்துவமும் மாநிலத்தின் தலையில் விழும் செலவுகள். முதுமையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் தமிழ்நாடு 16ஆவது நிதிக்குழுவிடம் வைத்த கோரிக்கை அந்த வகையில் பொருத்தமானது. ஆனால் மறுபக்கத்தையும் எழுத வேண்டும். திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் நாகலாபுரத்துப் பிள்ளை விட்ட இடத்தில் இப்போது நிற்பது பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளை. இருபது வயது வரை அவனை வளர்த்த செலவு அவன் ஊருடையது. அவன் கட்டும் மறைமுக வரியில் ஒரு பங்கும், அவன் உழைப்பில் வரும் உற்பத்தியும் தமிழ்நாட்டுக்கு. வயதானபின் அவன் திரும்பப் போவது கயாவுக்கோ தர்பங்காவுக்கோ. வரியாக வடக்கே போவது பேரேட்டில் ஏறுகிறது. ஆளாகத் தெற்கே வருவது எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

கடல் கடந்த நடு வயது

நாடுகளுக்கிடையிலும் இதே கதைதான், தொகை பெரிது. ஜப்பான் 2000இல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு கொண்டுவந்தது. 40 வயதைத் தாண்டிய எல்லோரும் அதற்குப் பணம் கட்டுகிறார்கள். பணம் சேர்ந்தது, பராமரிக்க ஆள் சேரவில்லை. 2008 முதல் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், வியட்நாம் என்று வரிசையாக ஆளெடுத்தார்கள். 2021இல் இந்தியாவோடும் ஒப்பந்தம் ஆனது. அதே ஆண்டு டிசம்பரில் கேரள அரசின் நோர்க்கா அமைப்பு, செவிலியர்களை அனுப்ப ஜெர்மனியோடு ஒப்பந்தம் போட்டது. இந்தியாவிலேயே முதியவர் பங்கு அதிகமுள்ள மாநிலம் அதன் செவிலியர்களை இன்னொரு முதிய நாட்டுக்கு அனுப்புகிறது. படிப்பிக்க ஆன செலவு கேரளத்துடையது.

பணமாகப் பார்த்தால் இந்தப் பயணம் ஏழை நாடுகளுக்கு நஷ்டமில்லை. வெளிநாட்டில் உழைப்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் தொகை, பணக்கார நாடுகள் கொடுக்கும் மொத்த உதவியைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. உதவி என்று மேடையில் பேசப்படுவதைவிட, உழைத்தவர்கள் சொந்தச் சம்பாத்தியத்தில் அனுப்பியதே அதிகம். ஆனால் ஊர்க்கணக்கில் சொன்ன குறை இங்கும் உண்டு: அது வீடுகளுக்குப் போகும் பணம், நர்ஸ் இல்லாத மருத்துவமனைக்குப் போகும் பணமல்ல. ஆள் பற்றாக்குறை உள்ள நாடுகளிலிருந்து மருத்துவப் பணியாளர்களை வலிந்து எடுக்கக் கூடாது, எடுக்கும் நாடு பயிற்சிக்கும் கைகொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010இல் ஒரு நெறிமுறை வகுத்தது. அதற்குச் சட்ட பலம் இல்லை. பணக்கார நாடுகள் செய்ய வேண்டிய உதவி என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், தர்ம காரியங்களைவிட இந்த நெறிமுறைக்குப் பல் வைப்பதே மேல். அது உதவிகூட அல்ல, வாங்கிய பொருளுக்கு விலை கொடுப்பது.

விலை கொடுக்காமல் விடுபடும் இன்னொரு இடம் ஓய்வூதியம். வேற்று நாட்டில் உழைத்த வருஷங்களைச் சொந்த நாட்டின் ஓய்வூதியத்தோடு சேர்த்து எண்ணுவதற்கும், இரண்டு இடத்திலும் பணம் கட்டுவதைத் தவிர்ப்பதற்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தங்கள் உள்ளன. இந்தியாவுக்கு அப்படிப்பட்ட ஒப்பந்தம் ஜப்பானோடு 2016 முதலும் ஜெர்மனியோடு 2017 முதலும் நடப்பில் இருக்கிறது. அமெரிக்காவோடு இல்லை. அங்கே ஓய்வூதியத் தகுதிக்கு 40 காலாண்டுகள், அதாவது பத்து ஆண்டு, வரி கட்டியிருக்க வேண்டும். ஆறேழு ஆண்டு வேலை பார்த்துத் திரும்பும் தமிழ்நாட்டுப் பொறியாளர் கட்டிய பணம் அமெரிக்க முதியவரின் ஓய்வூதியமாகிறது. வளைகுடாவிலிருந்து திரும்புபவருக்குப் பெரும்பாலும் கைக்கு வருவது பணிக்கொடை மட்டும். மாதாமாதம் எதுவும் இல்லை.

உள்நாட்டிலும் அதே பத்து ஆண்டுதான் வரம்பு. பி.எஃப். எனும் வருங்கால வைப்பு நிதியுடன் சேர்ந்த 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெறப் பத்து ஆண்டு சேவை வேண்டும். குறைந்தபட்சத் தொகை 2014 முதல் 1,000 ரூபாய். கம்பெனி மாறும்போது பழைய கணக்கைச் சேர்க்காமல் விட்டவர்களும், ஒப்பந்தக்காரர் பெயரில் கணக்கே இல்லாமல் உழைத்தவர்களும் அந்தப் பத்தை எட்டுவதில்லை. ஒன்பது ஆண்டு பதிவோடு திருப்பூரிலிருந்து ஊர் திரும்புபவர் ஒரு சிறு தொகையை மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். அறுபது வயதானதும் அவரும் ஓஏபி பணத்துக்கு மனு எழுதி விளாத்திகுளம் தாலுகா ஆபீசுக்குத்தான் போக வேண்டும்.